கொழும்பில் தண்டவாளத்தைப் படமெடுக்க: கடிதம் முதல் அகலக் கணக்கு வரை

கைபேசியில் இரண்டு படம் எடுக்கும்வரை கொழும்பின் எந்த ரயில் நிலையத்திலும் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள். பெரிய லென்ஸை மாட்டி முக்காலியை விரித்தால் கதை வேறு. யார் நீங்கள், எதற்காக எடுக்கிறீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். தண்டவாளங்களையும் அவற்றுக்கு இடையிலான அகலத்தையும் படங்களாகச் சேர்க்கத் தொடங்கியபோது எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேறு கட்டடம். கடைசியில் முதலில் போன மேசைக்கே திரும்பி வந்து நின்றேன். புதிதாக இறங்குபவர்கள் அந்தச் சுற்றைச் சுற்றவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாதையின் அகலத்தை அறிய யாரும் தண்டவாளத்தில் கால் வைக்கத் தேவையில்லை. சரியான இடத்தில் நின்று எடுத்த படமே போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

1. எண்களை முதலில் மனதில் வையுங்கள்

பாதையின் அகலம் என்பது இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம். நடுவில் இருந்து நடுவுக்கு அளப்பதும் வெளிவிளிம்பில் இருந்து அளப்பதும் பிழை. புதியவர்கள் சொல்லும் எண்களில் பாதி இதனால்தான் பொருந்துவதில்லை.

இலங்கையில் இன்று பயணிகள் வண்டி ஓடும் பாதை அனைத்தும் 1676 மில்லிமீற்றர், அதாவது 5 அடி 6 அங்குலம். இதுதான் அகலப் பாதை. இந்தியாவின் பெரும்பாலான பாதைகளும் பாகிஸ்தானின் பாதைகளும் இதே அளவுதான். வாரணாசியில் கட்டப்பட்ட எஞ்சின்கள் இங்கே ஓடுவதில் அகலம் ஒரு பிரச்சினையாக இருப்பதில்லை. சீனாவின் சொந்தப் பாதைகள் 1435 மில்லிமீற்றர். அங்கிருந்து நமக்கு வரும் பவர் செட்டுகளின் (எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியாக வரும் வண்டிகள்) சக்கரங்களை நம் அளவுக்கென்றே தனியாகச் செய்யவேண்டும்.

அந்த 1435, அதாவது 4 அடி எட்டரை அங்குலம், உலகில் அதிகம் புழங்கும் அளவு. சென்னை மெட்ரோவும் அதுதான். மீற்றர் பாதை என்றால் 1000 மில்லிமீற்றர். ஊட்டி மலை ரயிலில் இன்றும் பார்க்கலாம். 762 மில்லிமீற்றரும் (2 அடி 6 அங்குலம்) 610 மில்லிமீற்றரும் (2 அடி) குறுகிய பாதைகள். டார்ஜீலிங் ரயில் 610.

கொழும்புக்காரர்களுக்கு 762தான் முக்கியம். மருதானையில் இருந்து நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகமை வழியாக அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படும்வரை அந்த அளவில்தான் இருந்தது. பழைய படம் ஒன்றில் நுகேகொடை என்று எழுதியிருந்து வண்டி பொம்மை போலச் சிறியதாகத் தெரிந்தால் குறிப்பு பிழை என்று முடிவு கட்டாதீர்கள். எடுத்த ஆண்டை முதலில் பாருங்கள்.

2. கடிதம்

சொந்த ஆர்வத்துக்குக் கைபேசியில் எடுப்பவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படுவதில்லை. முக்காலி, பெரிய லென்ஸ், துணைக்கு இரண்டு மூன்று பேர், ஒரே மேடையில் மணிக்கணக்காக நிற்பது என்று வந்துவிட்டால் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். திருமணப் படம், விளம்பரம், காணொளி என்று பணம் புழங்கும் எதற்கும் ரயில்வே திணைக்களத்தின் முன் அனுமதியும் கட்டணமும் கட்டாயம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. அதில் இருக்கவேண்டியவை: முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண், எந்த நிலையங்கள், எந்தத் தேதி, எந்த நேரத்தில் இருந்து எந்த நேரம்வரை, எத்தனை பேர் வருகிறீர்கள், என்னென்ன கருவி கொண்டுவருகிறீர்கள், படம் எதற்காக. கடைசியாக, தண்டவாளத்தில் இறங்கமாட்டேன், பயணிகளுக்கு இடைஞ்சல் செய்யமாட்டேன், பணியாளர்களின் அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படுவேன் என்று ஒரு வரி. அந்த வரிதான் எதிரில் இருப்பவரின் முகத்தைத் தளர்த்தும்.

‘கொழும்பில் உள்ள நிலையங்கள்’ என்று பொதுவாக எழுதினால் கடிதம் நகராது. பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, சனிக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை’ என்று இருந்தால் பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது.

மொழி விடயத்தில் என் கருத்து இது. தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதுங்கள். அதோடு சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள். அனுமதி கிடைத்த பிறகு அந்தத் தாளைப் படிக்கப்போவது மேடையில் நிற்கும் காவலாளி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போனால் கையில் இருக்கும் உரிமை அன்றைய காலை வெளிச்சத்தைத் திருப்பித் தராது.

இணைக்கவேண்டியவை: அடையாள அட்டையின் இருபக்கப் பிரதி, மாணவராக இருந்தால் பாடசாலை அல்லது பல்கலைக்கழகக் கடிதம், வெளிநாட்டில் இருந்து வந்தவராக இருந்தால் கடவுச்சீட்டின் விபரப் பக்கப் பிரதி. எல்லாவற்றிலும் இரண்டு தொகுதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். ‘உங்கள் கடிதம் வரவேயில்லையே’ என்று சொல்லும் மேசைக்கு முன்னால் அந்த முத்திரைதான் உங்கள் சாட்சி.

ரயில்வே தலைமையகம் மருதானையில், ஒல்கொட் மாவத்தையில் இருக்கிறது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்ற பதில் மதியத்துக்குப் பிறகுதான் அதிகம் வரும். போவதற்கு முன் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்து, எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளலாம், தமிழிலும் பேசுவார்கள். படமெடுக்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். பௌர்ணமி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் இடையில் வந்தால் இன்னும் முன்னதாக.

அனுமதி கையில் இருந்தாலும் நிலையத்துக்குப் போனதும் முதலில் புகையிரத நிலைய அதிபரைப் பார்த்து ‘சேர்’ என்று ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். எந்த வண்டி தாமதம், எந்த மேடையில் இன்று வேலை நடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

3. செலவு

சொந்தப் படத்துக்குச் செலவு அதிகம் இல்லை. பிரதி எடுக்கும் காசு, பஸ் கட்டணம், நிலையத்துக்குள் நுழைய ஒரு சீட்டு. அடுத்த நிலையத்துக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்துவிடுவது என் பழக்கம். சிறு தொகைதான், வேண்டுமானால் ஏறியும் போகலாம். சீட்டில்லாமல் மேடையில் பிடிபட்டால் தண்டப்பணம் அதைப்போல் பல மடங்கு. சீட்டை வெளியே வரும்வரை தொலைக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.

வணிகப் படப்பிடிப்புக் கட்டணம் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. எழுத்தில் கேட்டு, உரிய கருமபீடத்தில் கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யார் எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

4. எங்கே நிற்பது

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். கடற்கரையோரம் அது ஒரு நடைபாதை போல ஆகிவிட்டதால் பலருக்கு இது உறைப்பதில்லை. வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளின் மேல் குடும்பம் குடும்பமாக நடப்பவர்களை மாலையில் காணலாம். நீங்கள் அவர்களோடு சேரவேண்டாம். கமராவின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஆபத்து அவர்களைவிட அதிகம்.

கரையோரப் பாதையில் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. அங்கே கடலின் இரைச்சல் வண்டியின் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இது இன்னும் மோசம். எஞ்சின் மிக அருகில் வந்த பிறகுதான் காதில் விழும். இரட்டைப் பாதை வேறு. நம் நாட்டில் ரயில்களும் வீதியைப் போலவே இடப்பக்கம்தான் ஓடுகின்றன. கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும் வண்டி கடல்பக்கப் பாதையிலும், காலி, மாத்தறைப் பக்கம் போகும் வண்டி நிலப்பக்கப் பாதையிலும் வரும். ஆனால் அதை நம்பி நிற்காதீர்கள். பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் ஒரே பாதையில் இருபக்கமும் விடுவார்கள். ஒரு வண்டி கடந்துபோகும்போது மறுபாதையில் வருவதை அது மறைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பாதுகாப்பான இடங்கள் என்று நான் சொல்வது மூன்று வகை. முதலாவது, நிலைய மேடை. மேடை விளிம்பில் இருந்து இரண்டு அடியாவது பின்னால். இரண்டாவது, நிலையங்களின் நடை மேம்பாலம். அகலக் கணக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கோட்டையிலும் மருதானையிலும் மேலிருந்து பார்த்தால் பல பாதைகள் ஒன்றாகிப் பிரியும் காட்சி முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். நம் பாதைகள் மின்மயமாக்கப்படாததால் மேலே கம்பிகள் குறுக்கிடுவதில்லை. இந்தியாவில் இருந்து வரும் நண்பர்கள் இதைக் கண்டு பொறாமைப்படுகிறார்கள். மூன்றாவது, மரைன் டிரைவின் நடைபாதை. கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைவரை வீதிக்கும் கடலுக்கும் இடையில்தான் தண்டவாளம் போகிறது. வீதியோரத்தில் நின்றபடியே வண்டியையும் அலையையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரலாம்.

களனிவெளிப் பாதை வேறு உலகம். ஒற்றைப் பாதை, வேகம் குறைவு, வளைவுகள் அதிகம். அகலத்தை மாற்றினாலும் குறுகிய பாதைக்காகப் போட்ட வளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. பெரிய வண்டி அவற்றில் நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்தால் அதன் பழைய பிறப்பு தெரியும். பொரளைப் பக்கத்தில் கோல்ஃப் மைதானத்தின் ஊடாகவே வண்டி போகிறது. பச்சைப் புல்லின் நடுவே டீசல் புகை. மைதானம் தனியாருடையது என்பதால் உள்ளே நுழையாமல் வண்டியின் ஜன்னலில் இருந்து எடுங்கள். நாரஹேன்பிட்டிக்கும் நுகேகொடைக்கும் இடையில் வீடுகள் பாதையை ஒட்டியே இருக்கின்றன. சமையலறைக்குள்ளும் கொடித்துணிக்குள்ளும் லென்ஸைத் திருப்பாதீர்கள். அனுமதிக் கடிதம் அதற்குப் பொருந்தாது.

புகையிரதக் கடவையில் நிற்பதாக இருந்தால் கதவுக்கு வெளியே, வீதியோரத்தில். கடவைக் காவலாளி ‘மல்லி (தம்பி), அப்பால் போங்கள்’ என்றால் காரணம் கேட்காமல் விலகிவிடுங்கள்.

கோட்டைக்கும் கொம்பனித்தெருவுக்கும் இடையில் கமராவைப் பையில் வைத்திருப்பது நல்லது. துறைமுகம், கடற்படை, ஜனாதிபதி செயலகம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். தண்டவாளத்தை எடுத்தேன் என்று நீங்கள் சொன்னாலும் பின்னணியில் விழுந்த கட்டடத்துக்குப் பொலிஸார் விளக்கம் கேட்பார்கள்.

ட்ரோன் வேண்டாம் என்பதே என் யோசனை. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்குள் அது வருகிறது. கல்கிசைப் பக்கம் போனால் இரத்மலானை விமான நிலையமும் கிட்ட வந்துவிடும். தண்டவாளப் படம் ஒன்றுக்காக அந்தக் கோப்பு வேலையில் இறங்குவது எனக்குப் பெறுமதியாகத் தெரியவில்லை.

5. எந்த நேரம்

கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கு உதித்து 6 மணியை ஒட்டி மறைகிறது. கரையோரத்தில் காலை வெளிச்சம் நிலப்பக்கத்தில் இருந்து வண்டியின் மேல் விழும். பெட்டியின் நிறமும் தண்டவாளத்தின் பளபளப்பும் அப்போதுதான் சரியாக வரும். மாலையில் சூரியன் கடலில் இருப்பதால் வண்டி கறுப்பு நிழலுருவாகத்தான் கிடைக்கும். அழகான படம்தான், அகலக் கணக்குக்கு மட்டும் உதவாது.

வண்டிகள் அதிகம் வேண்டுமென்றால் வார நாட்களில் அலுவலக நேரம். ஆனால் மேடையில் முக்காலிக்கு இடமே இருக்காது. விரிக்க நினைப்பதே மரியாதை இல்லை. வெறும் தண்டவாளம் வேண்டுமென்றால் ஞாயிறு காலை. அலுவலக வண்டிகள் பல விடுமுறை நாளில் ஓடுவதில்லை. களனிவெளியில் நண்பகலில் வண்டிகள் மிகக் குறைவு. நேர அட்டவணையைப் பார்க்காமல் போனால் வெயிலில் வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

6. படத்தில் இருந்து அகலத்தைக் கணிப்பது

தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைதான் உங்கள் அளவுகோல். மரக் கட்டைகளுக்கு வழக்கமான நீளங்கள் உண்டு: அகலப் பாதைக்கு ஏறத்தாழ 9 அடி, மீற்றர் பாதைக்கு 6 அடி, 762க்கு 5 அடி. தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான அகலத்தைக் கட்டையின் நீளத்தால் வகுத்தால் அகலப் பாதைக்கு 0.61, மீற்றர் பாதைக்கு 0.55, 762க்கு 0.50 என்று வரும். கட்டையும் தண்டவாளமும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் லென்ஸ் எதுவாக இருந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

செய்யும் முறை: மேம்பாலத்தில் பாதையின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே நில்லுங்கள். கமராவைப் பக்கவாட்டில் சாய்க்காமல், பாதை சட்டகத்தின் நடுவே நேராக ஓடும்படி எடுங்கள். பிறகு கணினியில் படத்தைப் பெரிதாக்கி, இருமுனையும் தெளிவாகத் தெரியும் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணத்துக்கு, கட்டை 1340 பிக்ஸல், அதே இடத்தில் தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையில் 820 பிக்ஸல் என்றால் விகிதம் 0.61. அகலப் பாதை.

இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது அந்த இருமுனைகள்தான். நிலையத்துக்குள் சல்லிக்கல், பழைய எண்ணெய், புல், தேநீர்க் கோப்பை எல்லாம் சேர்ந்து கட்டையின் முனையை மூடியிருக்கும். மேடையின் நடுப்பகுதியை விட்டு முனைப்பக்கம் பாருங்கள். புதிதாகச் சல்லி போட்ட இடத்தைத் தவிருங்கள். ஒரு கட்டையோடு நிறுத்தாமல் ஐந்தாறு கட்டைகளை அளந்து சராசரி எடுங்கள். தண்டவாளத்தின் தலை கட்டையைவிடச் சற்று உயரத்தில், கமராவுக்குக் கிட்ட இருப்பதால் விடை உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். கொங்கிரீட் சிலிப்பராக இருந்தால் நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அங்கே இந்த எண்களை அப்படியே பொருத்தாதீர்கள்.

பார்த்தீர்கள் என்றால் 0.55க்கும் 0.50க்கும் இடையில் அதிக தூரம் இல்லை. ஆகவே விகிதத்தை மட்டும் நம்பாமல் வண்டியையும் பாருங்கள். முகப்பை நேராக எடுத்த படத்தில் அகலப் பாதைப் பெட்டியின் சக்கரங்கள் பெட்டியின் ஓரங்களுக்குக் கிட்ட இருக்கும். குறுகிய பாதையில் பெட்டி இருபக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

7. கண்ணை ஏமாற்றுபவை

தொலைலென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடும். 200 மில்லிமீற்றரில் எடுத்த நேர்ப்பாதை வளைந்து நெளிந்ததாகவும் குறுகியதாகவும் தெரியும். அகலலென்ஸைத் தாழ்வாகப் பிடித்தால் அதே பாதை நெடுஞ்சாலை போல விரியும். கண்ணளவில் ‘இது குறுகிய பாதை’ என்று எழுதிவிடாதீர்கள்.

கடவைகளிலும் பாலங்களிலும் இரண்டு தண்டவாளங்களுக்கு உட்பக்கமாக இன்னும் இரண்டு தண்டவாளங்கள் ஓடும். இரட்டை அகலப் பாதை, அதாவது இரண்டு வேறு அகல வண்டிகளும் ஓடக்கூடிய பாதை, கண்டுபிடித்துவிட்டோம் என்று இதைப் பார்த்துத்தான் பலர் துள்ளுகிறார்கள். அவை காப்புத் தண்டவாளங்கள். கடவையில் சக்கர விளிம்பு போவதற்கான இடைவெளியைக் காப்பதும், பாலத்தில் தடம்புரண்ட வண்டி ஓரத்துக்குப் போகாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. மேல்பக்கத்தைப் பாருங்கள். ஓடும் தண்டவாளம் கண்ணாடி போல மின்னும். காப்புத் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். இரட்டை அகலப் பாதை என்றால் மூன்றாவது தண்டவாளமும் மின்னவேண்டும்.

இறுக்கமான வளைவுகளில் சக்கரம் உரசாமல் இருக்க அகலத்தைச் சில மில்லிமீற்றர் கூட்டிப் போடுவது வழக்கம். களனிவெளி வளைவில் எடுத்த படத்தில் விடை சற்றுக் கூடினால் கணக்கைத் திருத்தாதீர்கள். நேர்ப்பகுதியில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

8. கடலுப்பு

கரையோரத்தில் ஒரு மணிநேரம் நின்றால் லென்ஸின் மேல் மெல்லிய படலம் படிந்துவிடும். உலர்ந்த துணியால் உடனே தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு சற்று ஈரமான துணி, அதற்குப் பிறகு உலர்ந்த துணி. மலிவான காப்புக் கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டிக்கொண்டால் இழப்பு அதோடு போகும். முக்காலியின் கால்களையும் வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

9. குறுகிய பாதையை நேரில் பார்க்க

கொழும்பில் இப்போது 762இல் வண்டி ஓடுவதில்லை. கண்டிக்கு முன்னால், கடுகண்ணாவையில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2014 இல் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. குறுகிய பாதையில் ஓடிய வண்டிகளைக் கிட்ட நின்று பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குக் கூடுதல். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அங்கே அளவுநாடா கொண்டு அளக்கப் பணியாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஓடாத வண்டி என்பதால் ஆபத்தும் இல்லை. படத்தில் நீங்கள் கணித்த விகிதம் சரியா என்று சோதிக்கவும் அதுதான் இடம்.

கடுகதி வண்டிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை, ஆகவே சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதைச் சேவை தடைப்படுவதும் உண்டு. புறப்படும் காலையில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். வண்டி இல்லையென்றால் கோட்டையில் இருந்து கண்டி பஸ்ஸில் ஏறிக் கடுகண்ணாவையில் இறங்கலாம். திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியவுடனேயே நிலைய அதிபரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள்.